அமெரிக்காவில் போலீஸ் காரை நிறுத்தியது சட்டப்படி செல்லுமா? படிப்படியாக ஆராயும் முழுமையான வழிகாட்டி

போலீஸ் அறிக்கையைக் கையில் கொடுத்தால், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். டிக்கியில் என்ன கிடைத்தது? துப்பாக்கியா, போதைப்பொருளா? அங்கிருந்து பின்னோக்கிப் படித்தால் அதிகாரி செய்தது எல்லாமே நியாயமாகத் தோன்றும். சட்டமோ முன்னிருந்து படிக்கச் சொல்கிறது. அந்தந்த நொடியில் அதிகாரிக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் கேள்வி; பின்னால் கிடைத்த பொருள் முன்னால் செய்த செயலைக் காப்பாற்றாது.

அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனையையும் பறிமுதலையும் தடுக்கிறது. அந்த அளவுகோலை ஒரு வாகன நிறுத்தத்தின் மேல் எப்படி வைத்துப் பார்ப்பது என்பதே இங்கே பேச்சு. சட்ட மாணவர்களையும் வழக்கறிஞர் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். தன் சொந்த வழக்குக்காகப் படிப்பவர் அந்த மாநில வழக்கறிஞரையும் பார்த்துவிடுவது அவசியம். ஏன் என்பது ஒன்பதாவது படியில் தெரியும்.

1. முதலில் ஆவணங்களைச் சேருங்கள்

அறிக்கை மட்டும் போதாது. அது நடந்து முடிந்த பிறகு, முடிவு தெரிந்த ஒருவர் எழுதியது. உடல் கேமரா, ரோந்து கார் கேமரா ஆகியவற்றின் காட்சிகள், கட்டுப்பாட்டு அறையின் நேரப் பதிவு, அவசர அழைப்பின் ஒலிப்பதிவு, அபராதச் சீட்டு அல்லது எச்சரிக்கைச் சீட்டு, வாகனத்தை இழுத்துச் சென்றிருந்தால் அதன் பொருள்பட்டியல், மோப்ப நாய் வந்திருந்தால் அதன் பயிற்சிப் பதிவுகள் ஆகிய அனைத்தும் வேண்டும்.

இவற்றை உடனே எழுத்தில் கேளுங்கள். காட்சிப்பதிவுகளைக் காவல் துறைகள் குறிப்பிட்ட காலத்துக்கே வைத்திருக்கும். அதன் பிறகு தானாக அழிந்துபோகும். வாதத்தைப் பிறகு யோசிக்கலாம், பதிவை இன்று காப்பாற்ற வேண்டும்.

மீறப்பட்டதாகச் சொல்லப்படும் போக்குவரத்து விதியின் முழு வாசகத்தையும் எடுத்து வையுங்கள். சம்பவ நாளில் நடைமுறையில் இருந்த வாசகம் அது என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

2. நேரக்கோடு வரையுங்கள்

ஒரு தாளில் இடப்பக்கம் நேரம், நடுவில் நிகழ்வு, வலப்பக்கம் ‘அப்போது அதிகாரிக்குத் தெரிந்தது’ என்று மூன்று பத்தி போடுங்கள். விளக்கு போட்ட நேரம், கார் நின்ற நேரம், முதல் கேள்வி, உரிமத்தைக் கணினியில் சரிபார்த்த நேரம், சீட்டு எழுதி முடித்த நேரம், நாய் வந்த நேரம், கதவு திறந்த நேரம். அறிக்கையிலிருந்து அல்ல, காட்சியிலிருந்து எழுதுங்கள்.

அறிக்கை ‘பதற்றமாக இருந்தார், கஞ்சா வாடை வந்தது, சோதனைக்கு ஒப்புக்கொண்டார்’ என்று ஒரே மூச்சில் சொல்லும். காட்சியில் அந்த மூன்றுக்கும் இடையே பத்து நிமிடம் ஓடியிருக்கலாம்; வரிசையே வேறாக இருக்கலாம். வழக்குகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் திரும்புகின்றன.

3. பறிமுதல் எந்த நொடியில் தொடங்கியது?

நான்காவது திருத்தத்தின் பார்வையில் மனிதரைத் தடுத்து நிறுத்துவதும் பறிமுதலே. காரணம் அந்த நொடிக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதால் அந்த நொடி முக்கியம். விளக்கைப் பார்த்து ஓட்டுநர் ஓரங்கட்டி நின்றால் அங்கே தொடங்குகிறது. நிற்காமல் பறந்தால் இன்னும் தொடங்கவில்லை. வெறும் அதிகாரக் காட்டலுக்கு அடிபணியாதவர் பறிமுதல் செய்யப்பட்டவர் ஆகமாட்டார் என்று கலிபோர்னியா எதிர் ஹொடாரி டி. வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விரட்டும்போது அவர் வீசி எறிந்த பொருளும், தாண்டிய சிவப்பு விளக்கும் போலீஸ் பக்கக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஏற்கெனவே நின்றிருந்த காரின் அருகே அதிகாரி நடந்து வந்து பேசினால் அது மட்டும் பறிமுதல் ஆகாது. ரோந்து காரால் வழியை அடைத்தாரா, உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டாரா என்று பாருங்கள்.

பின்சீட்டில் இருந்தவரால் கேள்வி எழுப்ப முடியாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதிதான் சரி. பிரெண்ட்லின் எதிர் கலிபோர்னியா (2007) தீர்ப்பின்படி, காரை நிறுத்தும்போது பயணியும் பறிமுதல் செய்யப்படுகிறார்; ஆகவே நிறுத்தத்தை அவரும் எதிர்க்கலாம். காரைச் சோதித்ததை மட்டும் தனியாக எதிர்க்க வேண்டுமானால் அந்த வாகனத்தில் அவருக்கென்று நியாயமான தனியுரிமை எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் என்கிறது ராகஸ் எதிர் இல்லினாய்ஸ் (1978). வாடகைக் காரை, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாவிட்டாலும், வாடகைக்கு எடுத்தவரின் அனுமதியோடு ஓட்டியவருக்கு அந்த எதிர்பார்ப்பு பொதுவாக உண்டு என்று 2018-இல் பேர்ட் வழக்கு தீர்த்தது. இரண்டு கேள்விகளையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள்.

4. நிறுத்தியதற்கு என்ன காரணம்?

இரண்டு அளவுகோல்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘நியாயமான சந்தேகம்’ என்பது சுட்டிச் சொல்லக்கூடிய உண்மைகளின் மேல் நிற்கும் சந்தேகம். 1968-இல் டெரி எதிர் ஒஹாயோ தீர்ப்பிலிருந்து வருவது. ‘போதிய முகாந்திரம்’ அதைவிடக் கனமானது. கைதுக்கும் வாரண்டுக்கும் தேவைப்படுவது. காரை நிறுத்த முதலாவது போதும். உள்ளே தேட, பொதுவாக இரண்டாவது வேண்டும்.

காரணமே இல்லாமல் நிறுத்தக் கூடாது. உரிமத்தையும் பதிவையும் பார்க்கலாமே என்று தோன்றியதற்காக ரோந்து அதிகாரி ஒரு காரை நிறுத்துவது செல்லாது என்று டெலாவேர் எதிர் ப்ரவுஸ் வழக்கு 1979-இல் முடிவுகட்டியது. ஆனால் சிறிய விதிமீறல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கதவு திறந்துவிடுகிறது. ரென் எதிர் அமெரிக்க அரசு (1996) தீர்ப்பின்படி அதிகாரியின் உள்நோக்கம் கணக்கில் வராது. அவர் மனத்தில் போதைப்பொருளைத் தேடும் எண்ணம் இருந்தாலும், வெளியே உண்மையான விதிமீறல் இருந்தால் நிறுத்தம் செல்லும். ‘இது சாக்கு’ என்று பத்துப் பக்கம் எழுதும் புதியவர்கள் இங்கேதான் உழைப்பை வீணடிக்கிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பின் மேல் மரியாதை குறைவு. ஆனால் கூட்டாட்சிச் சட்டம் அதுதான். இனத்தைப் பார்த்து நிறுத்தினார் என்பது வாதமானால் அது பதினான்காவது திருத்தத்தின் சமப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். ரென் தீர்ப்பே அந்த வழியைச் சுட்டுகிறது.

ஆகவே உழைப்பை விதியின் வாசகத்தில் செலுத்துங்கள். சொல்லப்பட்ட செயல் உண்மையில் குற்றமா? ஒரு பிரேக் விளக்கு எரியாததற்காக வட கரோலினாவில் ஒரு கார் நிறுத்தப்பட்டது. அந்த மாநிலச் சட்டத்துக்கு ஒரு விளக்கு எரிந்தாலே போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிற்பாடு கண்டது. அப்படியும் 2014-இல் ஹெய்ன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுத்தத்தைக் காப்பாற்றியது: அதிகாரியின் சட்டப் பிழை நியாயமானதாக இருந்தால் போதும் என்றது. இதைப் படித்துவிட்டு எந்தப் பிழையும் மன்னிக்கப்படும் என்று நினைக்க வேண்டாம். அங்கே சட்ட வாசகமே குழப்பமாக இருந்தது. தெளிவான வாசகத்தைப் படிக்காத அதிகாரிக்கு அந்தத் தீர்ப்பு அடைக்கலம் தராது.

விதிமீறல் இல்லாமல் தகவலின் பேரில் நிறுத்தியிருந்தால் தகவல் எங்கிருந்து வந்தது என்று தோண்டுங்கள். 2014-இன் நவரெட்டே வழக்கில், ஒரு பிக்கப் வண்டி தன்னைச் சாலையை விட்டுத் தள்ளியது என்று பெயர் சொல்லாத ஒருவர் அவசர எண்ணுக்குச் சொன்னதே போதுமானதாகக் கொள்ளப்பட்டது. நேரில் கண்டவர், உடனே சொன்னார், அழைப்பு பதிவாகும் எண்ணில் சொன்னார் என்ற மூன்றும் சேர்ந்து எடை தந்தன. 5-க்கு 4 என்ற தீர்ப்பு அது. உங்கள் வழக்கில் அந்த மூன்றில் எது குறைகிறது என்று தேடுங்கள்.

பதிவெண்ணைக் கணினியில் தட்டி, உரிமையாளரின் ஓட்டுநர் உரிமம் ரத்தானது தெரிந்ததும் நிறுத்தினால்? ஓட்டுவது உரிமையாளர்தான் என்று ஊகிப்பது நியாயமே என்றது கான்சஸ் எதிர் கிளவர் (2020). ஆனால் உரிமையாளர் அறுபதைத் தாண்டிய ஆண் என்று திரையில் இருக்க, ஓட்டுவது இருபதுகளில் உள்ள பெண் என்று கண்ணில் பட்டால் ஊகம் கலைந்துவிடும் என்று தீர்ப்பே சொல்கிறது. அதிகாரி ஓட்டுநரின் முகத்தை எப்போது பார்த்தார் என்று உங்கள் நேரக்கோட்டில் இருக்க வேண்டும்.

தோற்றம் மட்டும் ஒருபோதும் போதாது. எல்லைப் பகுதியில் ரோந்து செல்பவர்கள்கூட, பயணிகள் மெக்சிகோ வம்சாவளியினர்போல் தெரிகிறார்கள் என்ற ஒன்றை வைத்து நிறுத்த முடியாது என்று 1975-இலேயே பிரிக்னோனி-போன்சே வழக்கு சொல்லியிருக்கிறது.

5. சோதனைச் சாவடியாக இருந்தால்

இங்கே தனி ஆள்மேல் சந்தேகம் தேவையில்லை. சாவடியின் நோக்கமே அளவுகோல். குடித்து வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்கும் சாவடி செல்லும் (சிட்ஸ், 1990). போதைப்பொருளைத் தேடும் சாவடி, அதாவது சாதாரணக் குற்றத் தடுப்புக்கான சாவடி, செல்லாது (எட்மண்ட், 2000). சாவடி அமைக்கும்படி பிறப்பித்த எழுத்து ஆணையையும், எந்த வரிசையில் கார்களை நிறுத்துவது என்ற விதியையும் கேட்டு வாங்குங்கள். களத்தில் நிற்பவர் விருப்பப்படி காரைத் தேர்ந்தெடுத்திருந்தால் ப்ரவுஸ் திரும்ப வந்துவிடுகிறது.

6. நிறுத்திய பின் அதிகாரி செய்யக்கூடியவை

ஓட்டுநரை இறங்கச் சொல்லலாம் (மிம்ஸ், 1977). பயணிகளையும் இறங்கச் சொல்லலாம் (வில்சன், 1997). இவற்றுக்குத் தனிக் காரணம் வேண்டாம். அதிகாரியின் பாதுகாப்பு என்ற பொதுக் காரணமே போதும். எனவே ‘இறங்கச் சொன்னது தவறு’ என்ற வாதத்தைத் தொடங்கவே வேண்டாம்.

உடையின் மேல் தடவிப் பார்ப்பது வேறு. அதற்கு அந்த நபர் ஆயுதம் வைத்திருக்கிறார், ஆபத்தானவர் என்ற நியாயமான சந்தேகம் வேண்டும். அதே சந்தேகம் இருந்தால் ஆயுதம் இருக்கக்கூடிய அளவுக்குக் காரின் உட்பகுதியையும் பார்க்கலாம் (மிஷிகன் எதிர் லாங், 1983). இது டிக்கி வரை நீளாது. கைக்கு எட்டும் இடம், ஆயுதம் அடங்கும் இடம் என்ற இரண்டே எல்லைகள். மாத்திரை டப்பாவைத் திறந்திருந்தால் அங்கே நில்லுங்கள்.

சாதாரணப் போக்குவரத்து நிறுத்தத்தில் கேள்வி கேட்கும் முன் மிராண்டா எச்சரிக்கை, அதாவது பேசாமல் இருக்கவும் வழக்கறிஞர் வைக்கவும் உரிமை உண்டு என்ற அறிவிப்பு, தேவையில்லை (பெர்கெமர், 1984). ‘உரிமைகளைப் படிக்கவில்லை, வழக்கு தள்ளுபடி’ என்பது திரைப்படங்களிலிருந்து வருவது.

7. கடிகாரத்தைப் பாருங்கள்

நிறுத்தம் சரியென்று நான்காவது படியில் விடை வந்ததும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். வெற்றி வாய்ப்பு அதிகம் உள்ள இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

போக்குவரத்து நிறுத்தத்துக்கு ஒரு வேலை உண்டு: உரிமம், பதிவு, காப்பீடு பார்ப்பது, நிலுவை வாரண்ட் உண்டா என்று சரிபார்ப்பது, சீட்டு எழுதுவது. அந்த வேலை முடிந்ததும், அல்லது நியாயமாக முடிந்திருக்க வேண்டிய நேரத்தில், தடுத்துவைக்கும் அதிகாரமும் முடிகிறது. ரோட்ரிகஸ் எதிர் அமெரிக்க அரசு (2015) வழக்கில் நெப்ராஸ்கா அதிகாரி எச்சரிக்கைச் சீட்டைக் கொடுத்து முடித்துவிட்டு, மோப்ப நாயைச் சுற்றிவர வைப்பதற்காக ஏழெட்டு நிமிடம் காக்கவைத்தார். அந்த நீட்டிப்புக்கே தனியாக நியாயமான சந்தேகம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இதிலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்குப் போகிறார்கள். ஒன்று, நாயைக் கொண்டு வந்ததே தவறு என்பது. நேரத்தைக் கூட்டாத மோப்பம் செல்லும்; கபாலஸ் (2005) இன்றும் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது, சீட்டு கொடுப்பதற்கு முன் நாய் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை என்பது. ரோட்ரிகஸ் தீர்ப்பு அதையும் மறுக்கிறது: கேள்வி முன்னா பின்னா என்பதில் இல்லை, மோப்பம் நிறுத்தத்தின் நேரத்தைக் கூட்டியதா என்பதில் இருக்கிறது. சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு நாய்ப் பயிற்சியாளரை அழைத்துப் பேசிய நிமிடங்களும் கணக்கில் சேரும். காட்சியில் பேனா ஓடுகிறதா என்று பாருங்கள். எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, காரில் எத்தனை பணம் இருக்கிறது என்ற உரையாடல் நடக்கும்போது மற்ற வேலை இணையாக நடந்ததா, நின்றுபோனதா?

நீட்டிப்புக்கு அதிகாரி சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, அவை எப்போது தெரியவந்தன என்று நேரத்தைப் பக்கத்தில் போடுங்கள். பதற்றம், நீண்ட பயணம், காரில் வாசனைத் திரவியம் என்பவை வழக்கமான பட்டியல். தனித்தனியாக உடைத்துத் தள்ளுவதோடு நிறுத்தினால் தோற்பீர்கள். எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று ஆர்விசு வழக்கு (2002) சொல்கிறது. சேர்த்துப் பார்த்தாலும் லட்சக்கணக்கான அப்பாவிப் பயணிகளுக்கும் பொருந்துகிறதே என்று காட்டுங்கள்.

8. சோதனைக்கு எந்தக் கதவு வழியாகப் போனார்?

அரசுத் தரப்பு வழக்கமாக மூன்று நான்கு காரணங்களை ஒன்றாகச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வேறு, எல்லை வேறு. தனித்தனியாக மூடுங்கள்.

சம்மதம். தானாகக் கொடுத்ததா என்பதே கேள்வி. மறுக்கும் உரிமை உண்டென்று அதிகாரி சொல்ல வேண்டியதில்லை (ஷ்னெக்லாத், 1973). ‘நீங்கள் போகலாம்’ என்று முதலில் சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை (ராபினெட், 1996). ஆனால் சட்டவிரோதமாக நீட்டித்த நேரத்தில் வாங்கிய சம்மதம் அந்தக் குறையோடுதான் வரும். ஏழாவது படியை முதலில் முடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வாகன விதிவிலக்கு. 1925-இன் கேரல் வழக்கிலிருந்து வருவது. காரில் குற்றச் சான்று உள்ளது என்ற போதிய முகாந்திரம் இருந்தால் வாரண்ட் வேண்டாம். அந்தப் பொருள் இருக்கக்கூடிய எந்த இடத்தையும், டிக்கியையும் பைகளையும் பார்க்கலாம். வீட்டோடு ஒட்டிய முற்றத்தில் நின்ற வாகனத்துக்கு இது போதாது (காலின்ஸ், 2018). கஞ்சா வாடையை வைத்து முகாந்திரம் சொன்னால் மாநிலத்தைப் பாருங்கள். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய இடங்களில் வாடையின் எடை குறைந்துவருகிறது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2021-இல் வாடை மட்டும் போதாது, மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கலாம் என்றது.

கைதைத் தொடர்ந்த சோதனை. அரிசோனா எதிர் கான்ட் (2009) இதைச் சுருக்கிவிட்டது: கைதானவர் விலங்கிடப்படாமல், உட்பகுதிக்குக் கை எட்டும் நிலையில் இருக்க வேண்டும், அல்லது கைதுக்குக் காரணமான குற்றத்தின் சான்று காரில் இருப்பதாக நம்ப நியாயம் வேண்டும். ரத்தான உரிமத்தோடு ஓட்டியதற்குக் கைதானவரின் காரில் அந்தக் குற்றத்துக்கு என்ன சான்று இருக்கப்போகிறது? கைது செய்யாமல் சீட்டு மட்டும் கொடுத்திருந்தால் இந்தக் கதவே கிடையாது (நோல்ஸ், 1998).

பொருள்பட்டியல் எடுத்தல். இழுத்துச் செல்லும் காரில் உள்ளதைக் குறித்துவைப்பது. துறையின் நிலையான நடைமுறைப்படி நடந்திருக்க வேண்டும். அந்த நடைமுறை ஆவணத்தைக் கேளுங்கள். பட்டியலில் பாட்டிலும் குடையும் இல்லாமல் குற்றப் பொருள் மட்டும் இருந்தால் அது பட்டியல் எடுத்தது இல்லை, தேடியது.

கைப்பேசிக்கு இவற்றில் எதுவும் தானாகப் பொருந்தாது. கைதான பிறகும் அதைத் திறந்து பார்க்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும் (ரைலி, 2014).

9. மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்

கூட்டாட்சித் தீர்ப்புகள் தரைமட்டம்; மாநிலங்கள் அதற்கு மேல் பாதுகாப்புத் தரலாம். ரென் தீர்ப்பில் தோற்கும் வாதம் வாஷிங்டன் மாநிலத்தில் ஜெயிக்கலாம். அங்கே லாட்சன் வழக்கு (1999) சாக்கு நிறுத்தங்களை மாநில அரசமைப்பின்படி தடுத்தது. சிட்ஸ் வழக்கு மிஷிகனிலிருந்தே போனது. ஆனால் 1993-இல் மிஷிகன் உச்ச நீதிமன்றம் தன் மாநில அரசமைப்பின்படி அந்தச் சாவடிகள் கூடாது என்றது. நியூ ஜெர்சியில் நிறுத்திய காரைச் சோதிக்கச் சம்மதம் கேட்பதற்கே நியாயமான சந்தேகம் வேண்டும் (கார்ட்டி, 2002). ஓரிகனில் நிறுத்தத்தின் நோக்கத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளுக்கே 2019 முதல் கட்டுப்பாடு உண்டு. கலிபோர்னியாவில் 2024 முதல், கேள்வி தொடங்கும் முன் நிறுத்திய காரணத்தை அதிகாரி சொல்ல வேண்டும்.

மனுவில் மாநிலப் பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால் அந்த வாதத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாமல் போகலாம். நான் பார்த்த மனுக்களில் அடிக்கடி விடுபடுவது இதுதான்.

10. மீறல் உண்டு, சான்று விலகுமா?

மீறலைக் கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம். வழக்கு சான்றை விலக்குவதில்தான், அதாவது கிடைத்த பொருளை அரசு நீதிமன்றத்தில் பயன்படுத்தவிடாமல் தடுப்பதில்தான் முடியும், அதற்கும் தடைகள் உண்டு. சட்டவிரோத நிறுத்தத்துக்குப் பின் பழைய நிலுவை வாரண்ட் ஒன்று தெரியவந்து, அதன்பேரில் கைது செய்து தேடினால் சான்று நிற்கலாம் (ஸ்ட்ரீஃப், 2016). எப்படியும் கிடைத்திருக்கும் என்று அரசு நிரூபித்தாலும் நிற்கும். அன்று செல்லுபடியாக இருந்த, கட்டுப்படுத்தும் தீர்ப்பை நம்பி அதிகாரி நடந்திருந்தாலும் அப்படியே. ரோட்ரிகஸுக்கே அது நடந்தது: உச்ச நீதிமன்றத்தில் சட்டத்தை மாற்றிவிட்டுத் திரும்பியவரின் வழக்கில், எட்டாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் காரணத்தைச் சொல்லிச் சான்றை அனுமதித்தது.

11. மனுவும் விசாரணையும்

சான்றை விலக்கக் கோரும் மனுவுக்குக் கெடு உண்டு. பெரும்பாலும் விசாரணை தொடங்கும் முன்பே தாக்கல் செய்ய வேண்டும். வாரண்ட் இல்லாத சோதனை என்றால் அதை நியாயப்படுத்தும் சுமை பொதுவாக அரசுடையது. எனவே ‘வாரண்ட் இல்லை’ என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பிறகு நேரக்கோட்டின் வரிசையில் போங்கள்: நிறுத்தம், நீட்டிப்பு, சோதனை. ஒவ்வொன்றுக்கும் காட்சிப்பதிவின் நிமிடமும் நொடியும் பக்கத்தில் இருக்கட்டும்.

அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். அறிக்கையில் இல்லாத புதுக் காரணங்களைச் சொல்ல நீங்களே இடம் கொடுத்துவிடுவீர்கள். ‘அந்த நேரத்தில் உரிமம் சரிபார்த்து முடிந்துவிட்டது, இல்லையா?’ என்று நேரத்தைக் கட்டுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் இந்த மனு விசாரணையில் சாட்சி சொல்லலாமா என்ற பயம் எப்போதும் வரும். அவர் இங்கே சொல்வதை முதன்மை விசாரணையில் குற்றத்தை நிரூபிக்க அரசு பயன்படுத்த முடியாது என்று சிம்மன்ஸ் வழக்கு (1968) உறுதி தருகிறது. ஆனால் அங்கே அவர் மாற்றிச் சொன்னால் இந்தச் சாட்சியத்தைக் காட்டி அவரை மடக்கலாமா என்பதை அந்தத் தீர்ப்பு முடிவுசெய்யவில்லை. காட்சிப்பதிவே பேசுகிறது என்றால் அவரை இருக்கையிலேயே உட்கார வைப்பது நல்லது.